ஏழு தண்ணி

குழாயைக் கழுவிவிட்டுத்தான் அக்கா குழாயில் கை கழுவுவார். குழாயைக் கழுவிய கையோடு குழாயைத் திறந்தால் குழாய் மறுபடி அழுக்காகிவிடும் அல்லவா, அதற்காக ஒரு குவளையில் தண்ணீர் தனியாகப் பிடித்து வைத்திருப்பார். அந்தக் குவளையை எப்போது கழுவினீர்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அத காலையிலயே கழுவி கவுத்துட்டேன் சார்" என்றார், இது என்ன கேள்வி என்பது போல.

செஞ்சியில் நான் குடியிருந்த வீடு அவருடையது. கீழே அவர்கள் குடும்பம், மாடியில் நான். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். தெருவே அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மாடிப்படிக்குக் கீழேதான் அந்தக் குழாய். ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் அங்கே எதையாவது கழுவிக்கொண்டிருப்பதைப் பார்ப்பேன். கடையிலிருந்து வந்த புதுச் சோப்பைக் கழுவுவார். அதற்குப் பழைய சோப்பு போடுவார். கீரைக்காரம்மா கட்டை நீட்டும்போதே, "கொஞ்சம் தழையாவது மிச்சம் வைம்மா" என்பார். என் வாசலில் விழும் பால் பாக்கெட் நான் எழுந்திருக்கும் முன்பே குளித்து முடித்திருக்கும். மழைநாள் ஒன்றில் சேறு பட்ட செய்தித்தாளை ஈரத் துணியால் துடைத்து வைத்திருந்தார். அன்றைய தலைப்புச் செய்தி என்ன என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அவருடைய கணவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சட்டைப் பையில் வரும் சில்லறை வாசலோடு வாளிக்குள் போய்விடும். நோட்டையாவது விட்டுவைப்பார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் மொட்டை மாடியில் என் வேட்டிக்குப் பக்கத்தில், கொடியில் கிளிப் போட்டுப் பத்து ரூபாய் நோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அன்று நல்ல காற்று. கண்டக்டர் பனியனோடு நின்று காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல நிக்கறது பத்தாதுன்னு இங்கயும் நிக்கறேன் சார்" என்றார்.

எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரே அளவுதான்: ஏழு தண்ணி. இந்தப் பக்கத்தில் மீன் என்றால் ஏரி மீன். ஏரி மீனுக்குச் சேற்று வாடை உண்டு. செதில் எடுத்து, கல்லுப்புப் போட்டுக் கருங்கல்லில் உரசி, மோர் ஊற்றிப் பிசறி, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால்தான் அந்த வாடை போகும். ஏழு தண்ணியில் கழுவ வேண்டும் என்று அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மா மீனுக்குச் சொன்னதை மகள் உலகத்துக்கே எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு முறை காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். குணமாகும்வரை மூன்று வேளையும் கீழிருந்து கஞ்சி வந்தது. கஞ்சி டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்று வாங்கி, என் கண்ணெதிரிலேயே மறுபடி கழுவினார். சுருக்கென்றது. கழுவுவது டம்ளரையா, என்னையா என்று யோசித்துக்கொண்டே படியேறினேன். மேலிருந்து எட்டிப் பார்த்தபோது, தன்னுடைய டம்ளரை எடுத்து என்னுடையதைவிட அதிக நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மனம் சமாதானமாகிவிட்டது. எனக்கு ஆன சமாதானம் எல்லோருக்கும் அவ்வளவு சுலபமாக ஆகிவிடாது என்பது ரேவதி விஷயத்தில்தான் தெரிந்தது.

ரேவதி அவர்களுடைய ஒரே மகள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அந்த அம்மாவுக்குப் பிறந்த பெண் வேறு என்ன வேலைக்குப் போகும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டும் அருளை அவள் விரும்பினாள். அருளுக்கு மரக்காணம் பக்கம் கடற்கரையில் ஊர். அப்பா இல்லை. அம்மா ஊர் ஊராகக் கூடை சுமந்து மீன் விற்று அவனை வளர்த்தவர். இவர்கள் நிலத்தை நம்பி இருந்தவர்கள், அவர்கள் கடலை நம்பி இருந்தவர்கள், சாதியும் வேறு. இந்தப் பக்கத்தில் முறுக்கிக்கொண்டவர் கண்டக்டரின் அண்ணன், வல்லத்துப் பெரியப்பா, ஒருவர்தான். ரேவதி இரண்டு நாள் அழுததில் அவரும் இறங்கி வந்துவிட்டார். இறங்கி வராதவர் அருளின் அம்மா.

ஒரு மாலையில் அவர் போன் செய்தார். கண்டக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் படியில் நின்ற எனக்கும் கேட்டது.

"நாங்க ஒரு வேன்ல வர்றோம். வந்து பாக்கறோம். கை நனைக்கறத பத்தி அப்பறம் சொல்றேன்."

பெண் பார்க்க வருகிறவர்கள் அந்த வீட்டில் கை நனைத்தால், அதாவது சாப்பிட்டால், சம்மதம் என்று அர்த்தம். மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் காபியோடு எழுந்துவிடுவார்கள். பேச்சே தேவையில்லை.

"நீங்க எதுவும் ஆக்க வேணாம். எங்காளுங்களுக்கு ஏரி மீனு எறங்காது" என்றார் தொடர்ந்து. "நண்டு, இறாலு, கடம்பா எல்லாம் நாங்க எடுத்தாறோம். ஒரே அண்டாவுல போட்டு அவிச்சி, எலையில கொட்டி, சுத்தி உக்காந்து துன்னலாம். ஆளுங்க கூடுனா நாங்க அப்படித்தான்."

போனை வைத்ததும் வல்லத்துப் பெரியப்பா ஒரு சந்தேகம் கிளப்பினார். "அவங்க சரக்க அவங்களே துன்னுட்டு போனா, அது கை நனைச்ச கணக்குல எப்பிடிடா வரும்?"

"அண்டா நம்முளுது, அடுப்பு நம்முளுது, தண்ணி நம்முளுது" என்றார் கண்டக்டர்.

"பத்தாது" என்றார் பெரியப்பா. "உள்ள போறதுல நம்ம சரக்கு கொஞ்சமாவது இருக்கணும்." அப்போது அவர் நிலத்தில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நேரம். செஞ்சிப் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர். ஒரு மூட்டை மல்லாட்டையை மண்ணோடும் வேரோடும் கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் அவருக்கு மனம் ஆறியது.

அண்டா பஜாரில் சாமியானா கடையிலிருந்து வந்தது. அக்கா அதைப் புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில், பெயின்டில் எழுதியிருந்த கடைப் பெயர் போய்விட்டது. திரும்ப வாங்க வந்த பையன், இது எங்கள் அண்டா இல்லை என்று சாதித்ததைப் பிற்பாடு நானே பார்த்தேன்.

முந்தின நாள் ரேவதி அம்மாவை உட்காரவைத்துச் சொன்னாள்: "ம்மா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் எதையும் கழுவாத. உன் காலுல உழுவறேன்."

"நான் எதுக்குடி கழுவப் போறேன்?" என்றார் அக்கா, கதவின் தாழ்ப்பாளைக் கழுவியபடி.

வேன் வந்தது. ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாக வீடு நிறைந்துவிட்டது. அருளின் அம்மா குள்ளமாக, இரண்டு பக்கமும் மூக்குத்தியோடு, புதுச் சேலையில் இருந்தார். எவ்வளவு சொல்லியும் உள்ளே வந்து சோபாவில் உட்காரவில்லை. வாசலை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கைகள் இரண்டையும் முந்தானைக்குள் வைத்திருந்தார். காபி வந்தபோது ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து வாங்கி, குடிக்காமல் பக்கத்து ஜன்னலில் வைத்துவிட்டு, கையை மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டார். பெரியப்பா அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அன்று எவ்வளவு அடக்கிக்கொண்டார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் செருப்போடு ஓடினார்கள், பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ குழாயைக் காலால் மூடினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐஸ் பெட்டிகளை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனபோதுதான் அவர் பார்வையும் கூடவே போனது. கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை.

பின்பக்கத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எனக்குப் பழக்கமான சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். இறாலையும், கடம்பா என்று அவர்கள் சொல்லும் கணவாயையும் அகலமான டப்பில் கொட்டி, கல்லுப்புப் போட்டு, மோர் ஊற்றி, முழங்கைவரை கையை விட்டுப் பிசறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரேவதி சொல்லுச்சே..."

"நாலாவது தண்ணி சார். பாதியில உட்டா நல்லாவா இருக்கும்?"

எனக்குப் பின்னால் அருளின் அம்மா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இன்னா பண்றீங்க?"

அக்கா எழுந்தார். கையிலிருந்து மோர் சொட்டியது. "கழுவறேம்மா."

"கரையிலயே அலசி, ஐஸு போட்டு எடுத்தாந்தேன். காத்தால கடல்ல இருந்தது இது. இதுல இன்னா அழுக்கு பாத்தீங்க?"

"அழுக்கு இல்லம்மா. வாடை..."

ஏரி மீனின் சேற்று வாடையைத்தான் அக்கா நினைத்துச் சொன்னார். அதற்குள் சொல் வாயைவிட்டு வெளியே வந்துவிட்டது.

"வாடை" என்றார் அருளின் அம்மா. அன்று முதல் முறையாக இரண்டு கைகளையும் முந்தானையிலிருந்து வெளியே எடுத்தார். "இருவது வருசமா இந்த வாடையோடதாம்மா பஸ் ஏறுறேன். கூடைய பின்னால வையின்னுவான். பக்கத்துல இருக்கறவ எழுந்து நின்னுக்குவா. சீட்டு காலியா கெடந்தாலும் நான் நின்னுக்கினுதான் போவேன். இங்க வர்றோமேன்னு காத்தால எலுமிச்சம்பழம் போட்டு தேச்சிக்கினு வந்தேன், இன்னும் எரியுது. நீங்க இன்னாடான்னா, நாங்க கை நனைக்கறதுக்கு முந்தியே எங்கள கழுவ ஆரம்பிச்சிட்டீங்க." திரும்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அருளு, வண்டிய எடுக்கச் சொல்லு."

ரேவதி பின்வாசற்படியில் வந்து நின்றவள் அப்படியே நின்றாள். அருள் அம்மாவைப் பார்த்தான், ரேவதியைப் பார்த்தான், சாவி அவன் கையிலேயே இருந்தது.

கண்டக்டர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு நிமிசம்மா. கூடைய பின்னால வையின்னு நானும் சொல்லியிருக்கேன். அதுக்கு என்ன திட்டுங்க, வாங்கிக்கறேன். இவள திட்டாதீங்க. இவ ஆளு பாத்து கழுவறவ இல்ல."

"அப்பறம்?"

"எங்க கல்யாணத்துல தாலிய தட்டுல வச்சி எல்லாரும் தொட்டு கும்புட்டு, ஐயரு எடுத்து எங்கையில குடுக்கறாரு. இவ 'இருங்க, எத்தினி பேரு தொட்டிருக்காங்க'ன்னு புடுங்கி, பக்கத்துல இருந்த சொம்பு தண்ணியில அலசறா. மேளக்காரரு கெட்டிமேளத்த ஆரம்பிச்சி, நிறுத்தி, மறுபடி ஆரம்பிச்சாரு."

"ஏழு தண்ணி!" என்றார் பெரியப்பா பின்னாலிருந்து. "நான் எண்ணுனேன். நல்ல நேரம் போவுதுன்னு எங்கம்மா ஒரு பக்கம் அழுவுது, தண்ணி மாத்த ஆளு ஓடுறான்."

வந்தவர்களில் ஒரு பெண் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"சார் மாடியில குடியிருக்கறவரு. வெளியாளு. அவர கேளுங்க" என்று கண்டக்டர் என்னை முன்னால் தள்ளினார்.

நான் நினைவுக்கு வந்ததை வரிசையாகச் சொன்னேன்: சோப்பு, பால் பாக்கெட், ரூபாய் நோட்டு, செய்தித்தாள்.

"பேப்பரையா?" என்றார் அருளின் அம்மா.

"பேப்பரைத்தான்."

"சாமிய?"

"புள்ளையாருக்கு வாரம் ரெண்டு தடவ" என்றாள் ரேவதி அழுகையோடு. "மூஞ்சியே தேஞ்சிபோச்சு."

அருளின் அம்மா, மோர்க் கையோடு நின்ற அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரு வந்தாலும் இப்படித்தானா?"

அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "யாரும் வரலன்னாலும் இப்படித்தாம்மா."

அருளின் அம்மாவின் வாயோரம் லேசாக அசைந்தது. வண்டியைப் பற்றி மறுபடி பேசவில்லை. டப்பின் பக்கத்தில் குந்தி, ஓர் இறாலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"போச்சு. கடலே போயிடுச்சு. ஏரி இறாலா ஆக்கிட்டீங்க. நண்டு எங்க? அதையும் கழுவிட்டீங்களா?"

நண்டுகள் ஈரச் சாக்கில், கொடுக்குகள் கட்டப்பட்டபடி ஓரமாக நெளிந்துகொண்டிருந்தன. அக்கா அறிந்ததெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் வயல் நண்டு.

"அது மொறைக்குதும்மா. நான் கிட்டவே போவல."

கூட்டம் முழுவதும் சிரித்தது. அருளின் அம்மாவும் சிரித்துவிட்டார். "நல்ல வேளை மொறைச்சுது. கடலு அதுங்ககிட்டயாவது கீது" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார்.

அதன் பிறகு அண்டா அவர் கைக்கு வந்துவிட்டது. தண்ணீர் பாதிக்கு மேல் நிறைந்தது. உப்பை அள்ளிப் போட்டு, கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, மறுபடி அள்ளிப் போட்டார். "கண்ண மூடிக்கினு குடிச்சா கரையில நிக்கற மாரி இருக்கணும்" என்றார். உரிக்காத பூண்டு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், நசுக்கிய மிளகு, மஞ்சள் எல்லாம் போயின. அப்போதுதான் மூலையில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"இது இன்னா?"

"மல்லாட்டை" என்றார் பெரியப்பா, நெஞ்சை நிமிர்த்தி. "எங்க நெலத்துது. இதுவும் உள்ள போவணும்."

அருளின் அம்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். விரலிடுக்கில் செம்மண் உதிர்ந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு எத்தன தண்ணி?"

அக்கா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். "ஏழு" என்றார் மெதுவாக.

"அப்பறம் ஏன் நிக்கறீங்க? கழுவுங்க."

அக்கா அவ்வளவு சந்தோஷமாக எதையும் கழுவி நான் பார்த்ததில்லை. அருளின் அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார்.

மல்லாட்டை வேக நேரமெடுக்கும் என்பதால் முதலில் அதுதான் அண்டாவுக்குள் போனது. அது பாதி வெந்ததும் உருளைக்கிழங்கு, துண்டு துண்டாக வெட்டிய சோளக் கதிர். பிறகு நண்டு. நண்டு சிவந்து மேலே வந்தபோது, கழுவித் தோற்றுப்போன இறாலும் கடம்பாவும் கடைசியாக விழுந்தன. உடனே அடுப்பை அணைக்கச் சொன்னார். மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவியில் என் கண்ணாடி மங்கிவிட்டது. உப்பும் மிளகும் பூண்டும் கடலும் சேர்ந்த ஒரு வாசனை தெருமுனைவரை போனது. எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மொட்டை மாடியில் பாய் விரித்து, வாழை இலைகளை நீளமாக ஒட்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீரை வடித்துவிட்டு அண்டாவோடு தூக்கிக் கவிழ்த்ததும், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சின்னக் குன்று நின்றது. எதிரே ராஜகிரி. சாப்பிட ஆரம்பித்த பிறகு மலையை யாரும் பார்க்கவில்லை. ஓடு உடைகிற சத்தமும், உறிஞ்சுகிற சத்தமும், "ஏய், அந்த காலு என்னுது" என்கிற குழந்தைகளின் சண்டையும்தான். யார் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்ல முடியாதபடி உட்கார்ந்திருந்தார்கள்.

அருளின் அம்மா மட்டும் உட்காரவில்லை. எல்லோருக்கும் தள்ளிவிட்டுக்கொண்டே நின்றார். அக்காவும் அதனால் உட்காரவில்லை. ரேவதி கையில் எடுத்த சோளத்தைக் கடிக்காமல் வைத்திருந்தாள். பெரியப்பா நண்டைச் சவைப்பதை நிறுத்திவிட்டு நேராகவே பார்த்தார்.

அருளின் அம்மா குனிந்தார். நண்டைத் தாண்டி, இறாலைத் தாண்டி, ஒரு மல்லாட்டையை எடுத்தார். ஓட்டை அழுத்தினார். உள்ளே இருந்த உப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, உள்ளங்கையில் வழிந்து மணிக்கட்டுக்கு ஓடியது. பருப்பை வாயில் போட்டு மென்றார்.

பெரியப்பாவால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, மல்லாட்டை துன்னா கை நனைச்ச கணக்குதானா?"

அருளின் அம்மா கையைத் தூக்கிக் காட்டினார். "நனைஞ்சிடுச்சே பெரியவரே. பாருங்க, சொட்டுது."

ரேவதி சோளத்தைக் கடித்துக்கொண்டே அழுதாள். அருள் அதுவரை கையில் வைத்திருந்த சாவியைச் சட்டைப் பையில் போட்டான். அருளின் அம்மா அக்காவைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, பெரிய நண்டாகப் பார்த்து உடைத்துச் சதையை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "துன்னுங்க. இப்ப மொறைக்குதா?"

சாப்பிட்டு முடித்து இருவரும் கீழே குழாயடிக்கு வந்தார்கள். நானும் கை கழுவ வந்து பின்னால் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் ரேவதி. அக்கா வழக்கம்போல் குழாயைக் கழுவினார். சொம்பில் தண்ணீர் பிடித்தார். அருளின் அம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். எலுமிச்சம்பழம் தேய்த்துச் சிவந்திருந்த அந்தக் கைகளில் அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். ஊற்றிவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அருளின் அம்மா கையை நீட்டியபடியே காத்திருந்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"மீதி ஆறு?"

"பாக்கி இருக்கட்டும் சம்பந்தி. ஆறு தடவ வந்து கை நனைங்க, தீத்துடறேன்."

சம்பந்தி சிரித்துக்கொண்டே கையை உதறினார். நண்டு மசாலா கலந்த தண்ணீர், அப்போதுதான் கழுவி முடித்திருந்த குழாயின் மேல் போய்த் தெறித்தது. அக்கா குழாயைப் பார்த்தார். ரேவதி அம்மாவைப் பார்த்தாள். அக்கா சட்டென்று பார்வையை மாற்றி, வேன் நின்ற திசையில் எதையோ தேடுவது போல நின்றார். அப்போதும் கண் மட்டும் குழாய்ப் பக்கமே போய்ப் போய் வந்தது.

சம்பந்தி, அக்கா கவிழ்த்து வைத்திருந்த சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கழுவிக்கோங்க" என்றார்.